பொலிஸாருக்கு என்ன படிப்பிக்கிறார்கள்? திருகோணமலையிலிருந்து ஒரு வாசிப்பு

இலங்கைப் பொலிஸார் மீது கடுமையான குற்றச்சாட்டு எழும்போதெல்லாம் அரசாங்கத்திடமிருந்து தவறாமல் வருகிற பதில், மேலதிகப் பயிற்சி வழங்கப்படும் என்பதுதான். ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை கூடும்போதும் இதே பதில் வரும். தடுப்புக்காவலில் ஒருவர் இறந்துபோனாலும் இதே பதில்தான். வெளிநாட்டுத் தூதரகங்களும் இதற்கென்று நிதி ஒதுக்குகின்றன. செயலமர்வு நடக்கும், சான்றிதழ் வழங்கப்படும், படம் பத்திரிகையில் வரும்.

ஆனால் அந்தப் பயிற்சியில் என்னென்ன பாடங்கள் இருக்கின்றன, ஒரு பொலிஸ் அதிகாரிக்கு எவையெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று சர்வதேச நியமங்கள் சொல்கின்றன என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதில் பயன் இருக்கிறது. பொலிஸாருக்குக் கடமையாகப் படிப்பிக்கப்படும் ஒவ்வொன்றும், பொலிஸ் நிலையப் படியேறும் ஒரு தாய்க்கோ தந்தைக்கோ உரிமையாகக் கேட்கக்கூடிய ஒன்று. இந்தக் கட்டுரையில் அந்தப் பாடங்களைத் திருகோணமலையில் நடந்தவற்றோடு வைத்துப் பார்க்க முயல்கிறேன். இந்த மாவட்டத்தில் நடந்த சில சம்பவங்களின் பதிவுகளைப் பார்த்தால், பயிற்சி எங்கே உதவும், எங்கே உதவாது என்ற இரண்டும் தெளிவாகும்.

பயிற்சி இல்லாத காலம் இருந்ததில்லை

இலங்கைப் பொலிஸுக்குக் களுத்துறையில் பொலிஸ் கல்லூரி இருக்கிறது. கட்டானையில் தேசிய பொலிஸ் அகடமி இருக்கிறது. விசேட அதிரடிப்படைக்குக் கட்டுக்குருந்தையில் தனிப் பயிற்சிப் பாடசாலை உண்டு. வெளிநாட்டுப் பயிற்சியும் புதிதல்ல. 1983 இனக்கலவரத்தை அடுத்து உருவான விசேட அதிரடிப்படைக்குத் தொடக்கத்தில் பயிற்சி கொடுத்தது கே.எம்.எஸ். என்ற பிரித்தானியத் தனியார் கூலிப்படை நிறுவனம். பிரித்தானிய விசேட வான் சேவைப் படையில் இருந்தவர்கள் அதில் பணியாற்றினர். அவர்கள் படிப்பித்தது குற்றப் புலனாய்வு அல்ல, கிளர்ச்சி எதிர்ப்புப் போர். அந்தப் படை கிழக்கில் ஈடுபட்ட காலத்து மீறல்களில் இந்நிறுவனத்துக்குப் பங்கு இருந்ததா என்று லண்டன் மாநகரப் பொலிஸின் போர்க்குற்றப் பிரிவு 2020இல் விசாரணை தொடங்கியது.

பிற்காலத்தில் ஸ்கொட்லாந்துப் பொலிஸார் வந்தனர். சுமார் ஒரு தசாப்தம் அவர்கள் இலங்கைப் பொலிஸுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். புலம்பெயர் தமிழர்களும் மனித உரிமை அமைப்புகளும் தொடர்ந்து எதிர்த்த பின், அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று 2021 நவம்பரில் ஸ்கொட்லாந்துப் பொலிஸ் அறிவித்தது.

ஆகவே, பயிற்சி கிடைக்காததால்தான் இவையெல்லாம் நடந்தன என்று சொல்ல முடியாது. எந்தப் பாடம் படிப்பிக்கப்பட்டது, படித்ததைச் செய்யாதவருக்கு என்ன நடந்தது என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள்.

காந்தி சிலையடியில் நடந்தது

2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை. திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே மாணவர்கள் சிலர் கூடியிருந்தார்கள். உயர்தரம் முடித்த, சுமார் 20 வதுப் பிள்ளைகள். ஓட்டோ ஒன்றிலிருந்து கைக்குண்டு வீசப்பட்டது. சிலர் காயமடைந்தார்கள். அதன்பின் அங்கு வந்த சீருடையினர் அவர்களைத் தாக்கி, சுட்டார்கள் என்பது உயிர் தப்பியவர்களும் உறவினர்களும் சொன்னது. 5 பேர் இறந்தார்கள்.

அவர்களிடமிருந்த கைக்குண்டு வெடித்தே இறந்தார்கள் என்பதுதான் முதலில் வந்த அதிகாரபூர்வ விளக்கம். பிரேத பரிசோதனை அதைப் பொய்யாக்கியது. துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்தன, தலையிலும் இருந்தன. அந்தக் காயங்களைப் பிணவறையில் படமெடுத்து வெளியுலகுக்குக் காட்டியவர் 'சுடர் ஒளி' செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். மூன்று வாரம் கழித்து, ஜனவரி 24ஆம் திகதி, அவரும் திருகோணமலை நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

விசேட அதிரடிப்படையைச் சேர்ந்த 13 பேர் 2013இல் கைதானார்கள். சில மாதங்களில் அவர்கள் பிணையில் வெளியே வந்தார்கள். 2019 ஜூலை 3ஆம் திகதி, போதிய சாட்சியம் இல்லை என்று கூறி திருகோணமலை பிரதம நீதவான் நீதிமன்றம் 13 பேரையும் விடுவித்தது. 

இந்த 13 ஆண்டுகளில் சாட்சியம் எங்கெங்கே தொலைந்தது என்று தேடினால், பொலிஸ் பயிற்சியின் முக்கிய பாடங்கள் ஒவ்வொன்றும் தானாக எதிரே வரும்.

முதற்பாடம்: எப்போது சுடலாம்

சட்ட அமுலாக்க அதிகாரிகளுக்கான நடத்தைக் கோவையை ஐ.நா. பொதுச்சபை 1979இல் ஏற்றது. பலப்பிரயோகமும் சுடுகலன்களும் பற்றிய அடிப்படைக் கோட்பாடுகள் 1990இல் ஹவானாவில் நிறைவேற்றப்பட்டன. உலகில் நடக்கும் பொலிஸ் பயிற்சிகளில் பலப்பிரயோகம் என்ற பாடம் இவற்றையே அடிப்படையாகக் கொண்டது.

பாடத்தின் சாரம் எளிமையானது. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்து, வேறு வழியே இல்லாதபோதுதான் சுடலாம். சுடுவதற்கு முன் தன்னை யாரென்று சொல்லி எச்சரிக்க வேண்டும். காயப்பட்டவருக்கு, அவர் யாராக இருந்தாலும், இயன்றளவு விரைவில் வைத்திய உதவி கிடைக்கச் செய்ய வேண்டும். உறவினருக்கு அறிவிக்க வேண்டும். சுட்ட ஒவ்வொரு சம்பவத்துக்கும் அறிக்கை கொடுக்க வேண்டும். சட்டவிரோதம் என்று வெளிப்படையாகத் தெரிந்த கட்டளையை நிறைவேற்றிவிட்டு, மேலதிகாரி சொன்னார் என்று தப்ப முடியாது. கீழுள்ளவர் செய்வதை அறிந்தும் தடுக்காத மேலதிகாரியும் பொறுப்பாளி.

காந்தி சிலையடியில் குண்டு வெடித்த பின் கிடந்தவர்கள் காயப்பட்ட பிள்ளைகள். கோட்பாடுகளின்படி அந்த நேரத்தில் சீருடையினரின் முதற்கடமை, அவர்களை வைத்தியசாலைக்கு அனுப்புவது. இந்தப் பாடம் தமிழர்களுக்கு மட்டும் தேவையானது என்று நினைக்க வேண்டாம். எரிபொருள் விலையேற்றத்துக்கு எதிராக 2022 ஏப்ரல் 19ஆம் திகதி றம்புக்கனையில் கூடிய சிங்கள மக்கள் மீதும் பொலிஸார் சுட்டார்கள், ஒருவர் இறந்தார்.

இரண்டாம் பாடம்: சம்பவ இடமும் உடலும்

சட்டவிரோத மரணங்களை எப்படி விசாரிக்க வேண்டும் என்று விளக்கும் ஐ.நா. வழிகாட்டிக்கு மினசோட்டா நெறிமுறை என்று பெயர். 1991இல் வெளியாகி 2016இல் திருத்தப்பட்டது. சம்பவ இடத்தைக் கயிறு கட்டி அடைப்பது, வெற்றுத் தோட்டாக்களைச் சேகரிப்பது, உடலை முழுமையாகப் படமெடுப்பது, ஒவ்வொரு தடயப்பொருளும் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று எழுதிவைப்பது என எல்லாம் அதில் படிப்படியாக இருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் மேலான விதி ஒன்றுண்டு: சந்தேகத்துக்கு உள்ளானவர்களிடமிருந்தும் அவர்களது பிரிவிடமிருந்தும் விசாரணையாளர் சுதந்திரமாக இருக்க வேண்டும். விசாரணை எப்படிப் போகிறது என்று அறியும் உரிமை குடும்பத்துக்கு உண்டு.

இந்தப் பாடம் எவ்வளவு பெறுமதியானது என்பதற்கு யாழ்ப்பாணத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. 2016 ஒக்டோபர் 20ஆம் திகதி இரவு, கொக்குவில் குளப்பிட்டியில் யாழ். பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் இறந்தார்கள். வீதி விபத்து என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. ஆனால் பிரேத பரிசோதனையில் சூட்டுக் காயம் தெரிந்தது. உடனடியாகவே பொலிஸார் 5 பேர் கைதானார்கள். திருகோணமலையில் பல ஆண்டுகள் இழுபட்டது, குளப்பிட்டியில் ஓரிரு நாளில் நடந்தது. இரண்டு இடத்திலும் முதற்கதை ஒரே மாதிரியானது. இரண்டு இடத்திலும் அதை உடைத்தது சட்ட வைத்திய அதிகாரியின் மேசைதான். ஆனால் குளப்பிட்டியில், அந்த முடிவு உடனே நடவடிக்கையானது.

பொலிஸ் அறிக்கையை முதல் மூலமாகக் கொண்டு செய்தி எழுதும் தொழிலில் இருப்பவள் என்ற வகையில் இதையும் சொல்ல வேண்டும். முதலில் வரும் அறிக்கை ஒரு தரப்பின் கூற்று மட்டுமே. உடல் என்ன சொல்கிறது என்று கேட்காமல் அதைச் செய்தியாக்கக் கூடாது. இதற்காக உயிரையே கொடுத்தவர் சுகிர்தராஜன்.

மூன்றாம் பாடம்: கேள்வி கேட்பது

சந்தேகநபரை அடித்து வாக்குமூலம் வாங்குவது இலங்கையில் மட்டுமுள்ள நோய் அல்ல. பிரித்தானியாவில் பேர்மிங்ஹாம் குண்டுவெடிப்புக்காகச் சிறையிலிருந்த 6 ஐரிஷ்காரர்கள், 16 ஆண்டுகளின் பின் 1991இல் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டார்கள். வற்புறுத்தி வாங்கிய ஒப்புதல்கள் அந்த வழக்கின் அடிப்படையாக இருந்தன. இதுபோன்ற அவமானங்களுக்குப் பின்னர்தான் இங்கிலாந்துப் பொலிஸ் 1990களின் தொடக்கத்தில் விசாரணை முறையையே மாற்றியது. முதலில் ஆதாரங்களைத் திரட்டித் திட்டமிடு, எதிரில் இருப்பவருக்கு அவரது உரிமைகளை விளக்கு, அவர் சொல்வதை முழுமையாகக் கேள், ஆதாரத்தோடு ஒப்பிடு, முடிந்ததும் மதிப்பிடு. குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பது நோக்கம் அல்ல, நம்பகமான தகவலைப் பெறுவதே நோக்கம்.

இதே சிந்தனையை உலக அளவில் விரித்து எழுதப்பட்டவைதான் 2021இல் வெளியான மெண்டெஸ் கோட்பாடுகள். சித்திரவதை தொடர்பான ஐ.நா. விசேட அறிக்கையாளராக 2016இல் இலங்கைக்கும் வந்துபோன ஹுவான் மெண்டெஸின் பெயரால் அவை அழைக்கப்படுகின்றன.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சாதாரண சட்டத்தில் பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை நீதிமன்றம் ஏற்காது. சாட்சியக் கட்டளைச் சட்டம் அதைத் தடுக்கிறது. ஆனால் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலை ஏற்றுக்கொள்ள இடம் தந்தது. அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் சுமையையும் குற்றம் சாட்டப்பட்டவர் தலையிலேயே வைத்தது. ஒப்புதல் ஒன்றே போதும் என்று சட்டம் சொல்லும்போது, ஆதாரம் தேடும் கலையை வகுப்பறையில் படிப்பித்து என்ன பயன்? இந்தப் பாடத்துக்கு முதலில் பயிற்றப்பட வேண்டியது சட்டம்தான்.

நான்காம் பாடம்: சாட்சியைக் காப்பது

திருகோணமலை மாணவர் வழக்கு இறுதியில் விழுந்தது சாட்சியத்தில்தான். நேரில் கண்டவர்களும் உறவினர்களும் மிரட்டப்பட்டார்கள், பலர் நாட்டை விட்டே போனார்கள். அப்போது இலங்கையில் சாட்சிப் பாதுகாப்புச் சட்டமே இருக்கவில்லை. 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம்தான் முதன்முதலாக அதைக் கொண்டுவந்தது. வெளிநாட்டிலிருந்து காணொளி மூலம் சாட்சியமளிக்க 2017ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது. 2023இல் 10ஆம் இலக்கச் சட்டம் அதற்குப் பதிலாக வந்தது.

ஆனால் பாதுகாப்பை நடைமுறையில் வழங்குவதற்கு 2015ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய பிரிவு பொலிஸுக்கு உள்ளேயே இருந்தது. சீருடையினருக்கு எதிராகச் சாட்சி சொல்லும் ஒருவரைச் சீருடையினரே காப்பார்கள் என்றால், எந்தத் தாய் நம்பி வருவாள்? சாட்சியோடு எப்படிப் பேசுவது, அவரது விலாசத்தை எப்படி மறைப்பது, அவரது வீட்டுக்குச் சீருடையில் போவதே எப்படி ஆபத்தாகும் என்பவற்றையெல்லாம் படிப்பிக்கலாம். நம்பிக்கையைப் படிப்பிக்க முடியாது. அதற்குப் பொலிஸுக்கு வெளியே நிற்கும் ஓர் அமைப்பு வேண்டும்.

ஐந்தாம் பாடம்: மொழியும் மரியாதையும்

2006 ஜூலையில், மாணவர்கள் கொல்லப்பட்டு 6 மாதத்தில், கைது செய்யும்போது பின்பற்ற வேண்டியவை பற்றி முப்படைக்கும் பொலிஸுக்கும் ஜனாதிபதி பணிப்புரை ஒன்று வெளியானது. கைது செய்பவர் தன் பெயரையும் பதவியையும் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொல்ல வேண்டும். உறவினருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். வாக்குமூலத்தை அவர் விரும்பும் மொழியில் எழுத வேண்டும். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் விசேட ஏற்பாடு வேண்டும். 2016இலும் இதே போன்ற பணிப்புரைகள் மீண்டும் விடுக்கப்பட்டன.

இவை காகிதத்தில் இருந்து 18 ஆண்டுகள் கழித்து, 2024 மே 12ஆம் திகதி இரவு, சம்பூர்ப் பொலிஸார் சேனையூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி வழங்கியவர்களைக் கைது செய்தார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். பெண்கள் இழுத்துச் செல்லப்படும் காணொளி உலகெங்கும் பரவியது. அவர்கள் மீது பாய்ந்தது 2007ஆம் ஆண்டின் ஐ.சி.சி.பி.ஆர். சட்டம். குடியியல், அரசியல் உரிமைகளைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையின் பெயரில் இலங்கை இயற்றிய சட்டத்தால், இறந்தவரை நினைத்துக் கஞ்சி காய்ச்சியவர்கள் சிறை போனார்கள்.

வடக்கு, கிழக்கு மாகாணங்களின் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை சொல்கிறது. மொழியைப் படிப்பிப்பதில் கூட ஒரு நுணுக்கம் இருக்கிறது. வீதித்தடையில் அதட்டுவதற்குப் போதுமான தமிழ் வேறு, மகனைத் தொலைத்த ஒருவரின் முறைப்பாட்டைப் பிழையில்லாமல் எழுதப் போதுமான தமிழ் வேறு.

திறமை இருந்தது, அதற்கு என்ன நடந்தது?

இதுவரை வாசித்தவர்களுக்கு, இலங்கைப் பொலிஸுக்கு விசாரிக்கவே தெரியாது என்ற எண்ணம் வரலாம். அது சரியல்ல. அதற்கும் சாட்சி திருகோணமலைதான்.

2008, 2009 காலத்தில் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் கடத்தப்பட்ட 11 பேர் தொடர்பான வழக்கு, கடற்படை அதிகாரி ஒருவரின் அறையில் கிடைத்த அடையாள அட்டைகளிலிருந்து தொடங்கியது. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் தொலைபேசிப் பதிவுகளையும் கடற்படையினரின் சாட்சியங்களையும் ஒன்றோடொன்று கோத்து, திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் 'கன்சைட்' எனப்பட்ட நிலத்தடிச் சிறைக்கூடம் வரை போய்ச் சேர்ந்தது. வலிந்து காணாமலாக்கப்பட்டோர் பற்றிய ஐ.நா. செயற்குழுவும் 2015 நவம்பரில் அங்கே சென்று பார்த்தது. உலகின் எந்தப் பொலிஸ் கல்லூரியிலும் பாடமாக வைக்கக்கூடிய புலனாய்வு இது.

அந்த விசாரணையை நடத்திய அதிகாரி நிஷாந்த சில்வா 2019 நவம்பரில், கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதியான சில நாட்களில், நாட்டை விட்டு வெளியேறினார். திணைக்களத்தின் பணிப்பாளர் ஷானி அபேசேகர இடமாற்றப்பட்டு, 2020இல் கைது செய்யப்பட்டுச் சிறையில் இருந்தார். ஆட்சி மாறிய பின்னர்தான் மீண்டும் சேவைக்கு அழைக்கப்பட்டார்.

மறுபக்கத்தையும் பாருங்கள். 2010இல் ஒருவரைச் சித்திரவதை செய்த சம்பவத்தில் தேசபந்து தென்னக்கோன் பொறுப்பாளி என்று உயர் நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அப்போது அவர் பதில் பொலிஸ் மா அதிபர். 2024 பெப்ரவரியில் அதே நபர் நிரந்தரப் பொலிஸ் மா அதிபராக நியமிக்கப்பட்டார். 2025 ஓகஸ்டில் நாடாளுமன்ற வாக்கெடுப்பின் மூலமே பதவி நீக்கப்பட்டார்.

களுத்துறையில் பயிற்சி பெறும் இளம் கொன்ஸ்தாபிள் வகுப்பறையில் கேட்பது ஒரு பாடம். நேர்மையாக விசாரித்தவர் சிறைக்குப் போவதையும், சித்திரவதைக்குப் பொறுப்பானவர் உச்சிக்குப் போவதையும் பார்த்துப் படிப்பது இன்னொரு பாடம். எது மனதில் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நாம் என்ன கேட்கலாம்?

பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பயிற்சிக்கு நிதி தரும் நாடுகளிடம் சில கேள்விகளை வைக்கலாம். பயிற்சி பெற்றவர்களின் கடந்தகாலம் சரிபார்க்கப்பட்டதா? பயிற்சியின் பின் அந்தப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடுகள் குறைந்தனவா? பாடத்தை மீறியவர் பதவி உயர்வு பெற்றாரா?

நமது அன்றாடத்துக்கும் சில விடயங்கள் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் ஒருவரைக் கைது செய்ய வந்தால் பெயர், பதவி, பொலிஸ் நிலையம், காரணம் ஆகியவற்றைக் கேளுங்கள், எழுதி வையுங்கள். சாதாரண சட்டத்தில் கைதானவரை 24 மணிநேரத்துக்குள் நீதவான் முன் கொண்டுவர வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழான கைதை 48 மணிநேரத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று அதன் 1996ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருக்கிறது. விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பமிடாதீர்கள், மொழிபெயர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். அடி, காயம் இருந்தால் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டும்படி நீதவானிடமே கேளுங்கள். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அந்த விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையிலும் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அவசர அழைப்பு இலக்கம் 1996.

இன்னொன்றும் சட்டத்தில் இருக்கிறது. இலங்கையில் குற்றங்களுக்கு வழக்குத் தொடர 20 ஆண்டு காலவரையறை உண்டு. கொலைக்கு அது பொருந்தாது. காந்தி சிலையடியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் முதுமை அடைந்துவிட்டார்கள். சாட்சிகள் பல நாடுகளில் சிதறியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கோப்பை மீண்டும் திறப்பதற்குக் காலம் தடையல்ல. அடுத்த முறை பொலிஸ் பயிற்சிக்கு நிதி கொடுக்க ஒரு தூதுவர் திருகோணமலைக்கு வரும்போது, அவரிடம் முதலில் கேட்க வேண்டியது அந்தக் கோப்பைப் பற்றித்தான்.